உள்ளே தாழ்ப்பாள் இல்லாத பெட்டி

காஞ்சனா மல்லாந்து படுத்து, கண்டெய்னருக்கு அடியில் தலையை நுழைத்தாள். வெளியே தெரிந்தது முழங்காலுக்குக் கீழே மட்டும்தான்.

"அக்கா, இப்படியே கொஞ்ச நேரம் கிடந்தீங்கன்னா, பெட்டி உங்க மேல விழுந்துடுச்சுன்னு யாராச்சும் ஆம்புலன்ஸ கூப்பிட்டுடுவாங்க," என்றான் தாரிக்.

"டார்ச்ச இந்தப் பக்கம் பிடி. பேச்ச அந்தப் பக்கம் வை."

தாரிக் டார்ச்சைப் பிடித்தான். பேச்சை மட்டும் எங்கும் வைக்கவில்லை. சுங்கைப்பட்டாணியில் அவன் அப்பாவுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை உண்டு. கல்லாவில் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கடையை விட்டு ஓடிவந்து காஞ்சனாவிடம் வேலைக்குச் சேர்ந்தவன்.

காஞ்சனா துப்பறிய வருவதற்கு முன்னால், துறைமுகத்தில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கண்டெய்னர்களைச் சோதித்துக்கொண்டிருந்தவள். எந்தப் பெட்டி கடலில் நனைந்தது, எந்தப் பெட்டி நனைந்ததாக நடிக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"பக்கமெல்லாம் பெயிண்ட் அடிச்சு அழகு காட்டலாம் தாரிக். அடிச்சட்டம் பொய் சொல்லாது. பழசு வாங்க வந்தா முதல்ல கீழதான் குனியணும்."

"கீழ எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. பார்த்துப் பார்த்து வேலை செஞ்சிருக்காரு."

அவர் என்றது பரஞ்சோதியை. செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்க டிராக்டர் ஓட்டி, ஓய்வுபெற்று, சிறு நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டவர். வீட்டுக்குப் பக்கத்தில் இந்தப் பழைய கண்டெய்னரை வாங்கிப் போட்டிருந்தார். கல்யாணம் ஆகப் போகிற ஒரே மகன் குணாளனுக்கு அதைத்தான் வீடாக மாற்றிக்கொண்டிருந்தார். வேலை முடியும் முன்பே குணாளன் அதற்குள் பிணமாகக் கிடந்தான். இப்போது பெட்டி விற்பனைக்கு வந்திருந்தது. காஞ்சனாவும் தாரிக்கும் அதை வாங்க வந்தவர்களாக நின்றார்கள்.

அனுப்பியவள் நளினி. குணாளனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்.

போன வாரம் அவள் அலுவலகத்துக்கு வந்தபோது, நாற்காலியின் நுனியில்கூடச் சரியாக உட்காரவில்லை.

"அவன் மருந்து குடிச்சானா இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணும்," என்றாள்.

குணாளன் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவனுக்கும் நளினிக்கும் போனில் சண்டை. பெட்டிக்குள்ளே குடும்பம் நடத்த என்னால் முடியாது என்று நளினி சொல்லியிருந்தாள். மறுநாள் சாவுச் செய்தி. ஆஸ்பத்திரியில் வயிற்றில் விஷம் இல்லை, இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஆனால் சாவுக்கு வந்தவர்கள் அதை நம்பவில்லை. குணாளன் சட்டையில், தோட்டத்தில் களை கொல்லத் தெளிக்கும் புல்லு மருந்து வாடை அடித்ததைப் பலர் மோந்திருந்தார்கள். பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செத்துவிட்டான் என்று பேச்சு பரவியது. குணாளனின் தாய் இராசாத்தி, வாசலில் நின்ற நளினியைப் பார்த்து, "என் புள்ளய மருந்து குடிக்க வச்சவ வந்துட்டாளா!" என்று கத்தினாள். நளினி அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினாள்.

"பரஞ்சோதி மாமாவும் அங்கதான் நின்னாரு," என்றாள். "ஒண்ணுமே சொல்லல."

இப்போது காஞ்சனா பெட்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். பரஞ்சோதி வீட்டிலிருந்து இரண்டு குவளைத் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். உயரமான மனிதர். நடக்கும்போது மட்டும் குள்ளமாகத் தெரிந்தார்.

"எதுக்கும்மா வாங்கறீங்க?"

"கல்யாண வாடகை சாமான் வைக்க அண்ணே. கேனபி கூடாரம், நாற்காலி..."

"சாமான் வைக்கத்தானே? ஆள் தங்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"சரி. பாருங்க." குவளைகளைக் கொடுத்துவிட்டு, பெட்டியை நோக்காமல் தள்ளிப்போய் நின்றார்.

உள்ளே ஏறினார்கள். வெயிலில் தகரம் கொதித்தது. காஞ்சனா முழங்காலிட்டு, பலகைத் தரையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து மோந்து பார்த்தாள்.

"பெட்டி வாங்க வர்றவங்க கண்ணால பார்த்துட்டுப் போயிடுவாங்க. மூக்காலயும் பார்க்கணும். இந்தப் பலகை முன்னாடி ஏத்தின சரக்கையெல்லாம் குடிச்சு வச்சிருக்கும். வெயில் ஏறினா கக்கும்." நிமிர்ந்தாள். "தாரிக், படு."

"என்னது?"

"சட்டையோட தரையில படு. புரளு."

"வேலைக்குச் சேரும்போது இதெல்லாம் சொல்லலியேக்கா," என்றபடி படுத்தான். ஒரு சுற்றுப் புரண்டான். எழுந்ததும் காஞ்சனா அவன் தோளருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

"இப்ப நீயே மோந்து பாரு."

தாரிக் சட்டையை இழுத்து மோந்தான். முகம் மாறியது. "புல்லு மருந்து!"

"ட்ரம் ட்ரம்மா ஏத்தியிருக்காங்க. எங்கயோ ஒழுகியிருக்கு. குணாளன் இதுல படுத்துக் கிடந்திருக்கான். வாடை வயித்துலேருந்து வரல, தரையிலேருந்து வந்துச்சு."

"அப்போ அவன் குடிக்கல!" தாரிக் கைதட்டாத குறை. "கேஸ் முடிஞ்சிடுச்சுலா. வாங்க, பீடோங் டவுன்ல போய் டீ குடிப்போம். கடையில என் பேர சொன்னாலே நுரை பொங்க ஆத்தின தே தாரிக் டீய கொண்டு வந்து வச்சிடுறாங்க. அந்த ஒரு மரியாதைதான் எனக்கு இருக்கு."

காஞ்சனா சிரிக்கவில்லை. கதவோரம் போய் நின்றிருந்தாள்.

"முடியல. இங்க வா. இந்தக் கதவ உள்ளேயிருந்து சாத்து பார்ப்போம்."

தாரிக் கதவைப் பிடிக்கக் கை நீட்டினான். பிடிக்க ஒன்றும் இல்லை. வழுவழுவென்று இரும்பு. விரல்நுனியால் இழுத்துப் பார்த்தான். நிலம் ஒரு பக்கம் சரிந்திருந்ததால் கதவு கொஞ்சம் வந்து, தானாகவே திரும்பத் திறந்துகொண்டது.

"உள்பக்கம் பிடியே இல்லக்கா. தாழ்ப்பாளும் இல்ல."

"சாமானுக்கு எதுக்கு தாழ்ப்பாளு? சாமான் வெளிய வரணும்னு ஆசைப்படுமா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் தாரிக் அந்த இரும்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"கதவைச் சாத்திக்கிட்டு செத்துட்டான்னு சொன்னாங்களே!"

"சாத்திக்க முடியாது. சாத்தத்தான் முடியும். வெளியேயிருந்து."

"அப்போ... கொலையா?" அவன் குரல் தானாகத் தாழ்ந்தது.

காஞ்சனா கதவு விளிம்பின் ரப்பரை விரலால் தடவிக்கொண்டே போனாள். பழைய ரப்பர் சாம்பல் பூத்து வெடித்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாகப் புது ரப்பர் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், பழையதின் முனை கிழிந்து தொங்கியது.

"மழையும் வெயிலும் தின்னா ரப்பர் வெளிப்பக்கம்தான் போகும். இது உள்பக்கத்திலிருந்து பிய்ஞ்சிருக்கு." கதவின் உட்புறத்தைப் பார்த்தாள். பெட்டியின் உள்சுவர் எங்கும் பழைய வண்ணம். இரண்டு கதவுகளின் உட்புறம் மட்டும் புதுச் சாம்பல் வண்ணம் பளபளத்தது. "எதையோ மறைக்க அடிச்சிருக்காங்க."

தாரிக்குக்கு அப்போது வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

காஞ்சனா கீழே இறங்கி உரக்கக் கூப்பிட்டாள். "அண்ணே! ஒரு சோதனை மட்டும் பாக்கி இருக்கு. நாங்க ரெண்டு பேரும் உள்ள நிக்கறோம். நீங்க கதவச் சாத்துங்க. எங்கயாச்சும் ஓட்டை இருந்தா வெளிச்சம் தெரியும். பழைய பெட்டி வாங்கறவங்க எல்லாரும் செய்யறதுதான்."

பரஞ்சோதி அசையவில்லை.

"ஓட்டை இல்லம்மா. எல்லாத்தையும் நான் அடைச்சிட்டேன். மழைத் தண்ணி ஒரு சொட்டு வராது."

"இருக்கட்டுமே. ஒரு நிமிஷம்தான்."

"வேணாம்."

"ஏண்ணே?"

"உள்ள ஆள் இருக்கையில நான் சாத்த மாட்டேன்." அவர் ஓரடி பின்னால் போனார். "வாங்கினா வாங்குங்க. இல்லாட்டி போங்க."

காஞ்சனா மெதுவாக, "சரி. நாங்க வெளிய நிக்கறோம். கதவு நல்லா மூடுதான்னு மட்டும் பார்க்கணும். தாரிக், நீ மூடு," என்றாள்.

தாரிக் தள்ளினான். இடது கதவு சேர்ந்தது. வலது கதவு பாதியில் சிக்கி நின்றது. தோளைக் கொடுத்தான். முகம் சிவந்தது. நகரவில்லை.

"நிலம் சரிஞ்சதுல கதவுச் சட்டம் கோணலாயிருக்கு," என்றாள் காஞ்சனா. "கோணல் இருந்தா கதவுதான் முதல்ல காட்டிக்கொடுக்கும்."

"அது அப்படித் தள்ளினா வராது தம்பி," என்று பரஞ்சோதி அருகே வந்தார். "அதுக்கு ஒரு வகை இருக்கு. எனக்கு மட்டும்தான் அடங்கும்."

அவர் கதவில் கை வைத்தார். உடனே மூடவில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார். இந்த மூலைக்குப் போனார், அந்த மூலைக்குப் போனார். பெட்டி காலி. ஒரு குச்சிகூட அதில் இல்லை. வாங்க வந்த இருவரும் அவர் கண்ணெதிரே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனாலும் பரஞ்சோதி நடுவில் நின்று உரக்கக் கூப்பிட்டார்.

"யாரு உள்ள? யாராச்சும் இருக்கீங்களா?"

இரும்பு அதைத் திருப்பிச் சொன்னது. அவர் காத்திருந்தார். மறுபடியும் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் இறங்கி, கதவை இடுப்பால் சற்றே தூக்கி, தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார். கதவு கச்சிதமாகப் பொருந்தியது. கம்பியைத் திருப்பிக் கொக்கியில் மாட்டினார்.

தாரிக் வாயைத் திறந்தான். காஞ்சனா அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"அண்ணே," என்றாள். "நான் பெட்டி வாங்க வரல. நளினி அனுப்பி வந்தேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியின் மேல் கை அப்படியே இருந்தது.

"இந்தக் கதவ மூட உங்கள விட்டா வேற ஆள் கிடையாது. அன்னிக்கும் நீங்கதான் மூடியிருக்கீங்க. ஆனா உள்ள குணாளன் இருந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளா இருந்தா, இன்னிக்குக் காலிப் பெட்டியப் பார்த்து இப்படிக் கூப்பிட மாட்டீங்க."

பரஞ்சோதி நின்ற இடத்திலேயே முதுகைக் கதவில் சாய்த்து, மெல்லச் சரிந்து, புல்லில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை.

"மழை இருட்டிக்கிட்டு வந்துச்சும்மா," என்றார் கடைசியில். "உள்ள புதுப் பலகை வாங்கி நிமிர்த்தி வச்சிருந்தேன். நனைஞ்சா வீணாயிடும்னு ஓடி வந்து சாத்தினேன். அவன் நைட் ஷிப்ட். வந்துட்டான்னு தெரியாது. மோட்டார் சைக்கிள வாசல்ல காணோம். மழைக்குப் பயந்து வீட்டுக்குப் பின்னால தள்ளி நிறுத்தியிருக்கான். பலகைக்கு அந்தாண்ட படுத்திருந்திருக்கான்."

"அவங்க அம்மா?"

"இராசாத்தி தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. நான் சாத்திட்டு அப்படியே வேன எடுத்துக்கிட்டு ஜித்ராவுக்குப் போயிட்டேன். மழை வரவே இல்லம்மா. ஒரு தூறல்கூட இல்ல. நல்ல வெயில்."

தாரிக் முகத்தைத் திருப்பி, செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டான்.

"செல்போன வீட்டுல சார்ஜ்ல போட்டிருந்தான். அடிச்சுப் பார்க்கக்கூட... ஓட்டையெல்லாம் நான்தான் தேடித் தேடி அடைச்சேன். ஒழுகாத வீடு குடுக்கணும்னு. சாயங்காலம் வந்து திறந்தேன். கதவுக்குப் பக்கத்துல கிடந்தான். ரப்பரப் பிய்ச்சு, கதவெல்லாம் கீறி..." அதற்கு மேல் சொல்லவில்லை. வண்ணம் அடித்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலீஸ்ல என்ன சொன்னீங்க?"

"கதவு சாத்தியிருந்துச்சு, திறந்து பார்த்தேன்னு சொன்னேன். அவ்வளவுதான். காத்துல தானா சாத்திக்கிட்டிருக்கும்னு அவங்களே பேசிக்கிட்டாங்க. கதவோட உள்பக்கத்த யாரும் திருப்பிப் பார்க்கல. ஊருல மருந்து குடிச்சுட்டான்னு சொன்னாங்க. நான் வாயைத் திறக்கல. இராசாத்திக்கு ஒரே புள்ள. கொன்னது யாருன்னு தெரிஞ்சா அவ இருப்பாளா?"

காஞ்சனா அவர் எதிரே குந்தி உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"நீங்க கொல்லலண்ணே. அது விபத்து. ஆனா அந்தப் பொண்ண வாசல்ல நிக்க வச்சுத் திட்டினாங்களே, அப்ப நீங்க பேசாம நின்னீங்க. அது விபத்து இல்ல."

பரஞ்சோதி ஆமென்று தலையை ஆட்டினார்.

"நாளைக்குக் காலையில போலீசுக்கு நானே போறேன். அதுக்கு முன்னாடி..." அவர் எழ முயன்றார். தாரிக் ஓடிப்போய்க் கை கொடுத்தான். "அந்தப் பொண்ணு வீடு எங்க இருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

நளினி வீடு இருந்த பாக்கார் ஆராங்குக்குக் காரில் போனார்கள்.

நளினி வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே பரஞ்சோதி நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னபோது வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். அடுத்த வீட்டில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தின் நடுவே, ஒன்றையும் விடாமல் சொன்னார். மழை இருட்டியது, ஓடிவந்து சாத்தியது, திறந்தபோது பார்த்தது, அப்புறம் வாய் மூடி நின்றது. நளினி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் மருந்து குடிக்கலம்மா. உன் மேல கோவப்பட்டு ஒண்ணும் செய்யல. நான்தான்."

நளினி நிமிர்ந்து, "சத்தம் போட்டிருப்பான்ல மாமா?" என்றாள்.

"போட்டிருப்பான். கேக்க ஆள் இல்லம்மா."

"நான்தான் சொன்னேன்." அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. காஞ்சனாவும் இதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். "போன்ல நான்தான் சொன்னேன். காத்து இல்ல, மூச்சு முட்டும், நீ ஒரு நாள் அதுல படுத்துப் பாரு, அப்புறம் என்னைக் கூப்பிடுன்னு. அதான் போய்ப் படுத்திருக்கான். இத நான் யார்கிட்டயும் சொல்லல."

பரஞ்சோதி அவளையே பார்த்தார்.

"காத்து இல்லன்னு நீ சொன்னத அவன் அன்னிக்கு ராத்திரி கம்பெனிக்குப் போகும்போது என்கிட்ட சொன்னாம்மா. நளினிக்குப் பெரிய சன்னலா ஒண்ணு வைக்கணும்ப்பா, இல்லாட்டி அவ வரமாட்டான்னான். ஜித்ராவுல பழைய வீடு உடைக்கிறாங்க, சன்னல் கிடைக்கும்னு யாரோ சொன்னாங்க. அத எடுக்கத்தான் நான் போனேன்."

அடுத்த வீட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

நளினி கேட்டில் நெற்றியை வைத்து அழுதாள். இதுவரை அழாத பரஞ்சோதியும் அழுதார். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். தாரிக் காருக்குப் பின்னால் போய் நின்று, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

நளினி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். செருப்பு மாட்டிக்கொண்டு, சாவியோடு திரும்பி வந்தாள்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க தனியா சொன்னா அவங்க விழுந்துடுவாங்க. நானும் வரேன்."

செமிலிங்கில் மறுபடியும் கார் நின்றபோது, இராசாத்தி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கிய நளினியைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே நளினி ஓடிப்போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் திட்டுங்க அத்தை. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. முதல்ல மாமா சொல்றதக் கேளுங்க."

பரஞ்சோதி வாசலுக்குக் கீழே மண்ணில் நின்றபடியே சொன்னார். இம்முறை சில வார்த்தைகள்தான் வந்தன. அவை போதுமானவையாக இருந்தன.

இராசாத்தி கத்தவில்லை. கத்தி விழுவாள் என்று எதிர்பார்த்துத்தான் காஞ்சனா தாங்கிப் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் நின்றிருந்தாள். இராசாத்தி கணவனைப் பார்க்கவும் இல்லை. மடித்துவைத்த துணிகளின் மேல் கண் நிலைத்திருந்தது. அதிலே குணாளனின் கம்பெனிச் சட்டை ஒன்று இருந்தது.

"வேலை விட்டு வந்து சாப்பிட்டானா அன்னிக்கு?" என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை.

"ஷிப்ட் முடிஞ்சா ரொட்டி சானாய் சாப்பிடாம வரமாட்டான் அத்தை," என்றாள் நளினி. "சாப்பிட்டிருப்பான்."

நளினி இராசாத்தியைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். இராசாத்தி அவள் கையை விடவில்லை. இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பரஞ்சோதி மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

இராசாத்தி அப்போதும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. நளினியிடம்தான் சொன்னாள்.

"அவர மேல வந்து உட்காரச் சொல்லு."